தோட்ட ஒன்றுகூடலில் போனி எம் போடுவது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எந்தத் தோட்ட ஒன்றுகூடலுக்குப் போனாலும் சரி, உரையெல்லாம் முடிந்து சாப்பாட்டுத் தட்டுகள் ஒதுங்கியதும் பின்வரிசையிலிருந்து யாராவது "போனி எம் போடுப்பா" என்று குரல் கொடுப்பார்கள். 1978-இல் பதினெட்டு வயதில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர்களுக்கு இன்று அறுபத்தைந்து தாண்டிவிட்டது, ஆனால் 1970-களில் கலக்கிய அந்த டிஸ்கோ குழுவின் பாட்டுக்கு எழுந்திருக்கும் வேகம் மட்டும் குறையவில்லை. போனைத் தட்டி முதலில் வருவதைப் போட்டுவிட்டால் அந்த வேகம் இரண்டே பாட்டில் வடிந்துவிடும். கொஞ்சம் தயார் செய்துகொண்டு போங்கள்.

முதலில் எந்தத் தொகுப்பு என்று முடிவு செய்யுங்கள், ஏனென்றால் போனி எம் பெயரில் ஹிட்ஸ் தொகுப்புகள் ஏகப்பட்டது இருக்கின்றன, எல்லாம் ஒன்றல்ல. அடிப்படையாக வைக்க வேண்டியது 1980-இல் வந்த 'தி மேஜிக் ஆஃப் போனி எம்'. ஒரே இசைத்தட்டில் இருபது பாட்டு. 'டாடி கூல்', 'மா பேக்கர்', 'ரஸ்புடின்', 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' என்று கேட்கப்போவது முக்கால்வாசி அதிலேயே இருக்கிறது. இருபதையும் ஒரே தட்டில் அடக்குவதற்காகச் சில பாட்டுகளை வெட்டிச் சுருக்கியிருக்கிறார்கள், அதனால் 'ரஸ்புடின்' மட்டும் 1978-இல் வந்த 'நைட்ஃபிளைட் டு வீனஸ்' ஆல்பத்திலிருந்து முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தலைப்புப் பாட்டு முடியாமலே டிரம்ஸ் தொடர்ந்து அப்படியே 'ரஸ்புடின்' ஆரம்பிக்கும். கூட்டம் நடுவுக்கு வந்து சேர அந்த டிரம்ஸ் நேரம் கொடுக்கும்.

1986-இல் பத்தாண்டு நிறைவுக்காக 32 பாட்டுகளை நிறுத்தாமல் கோத்து ஒரு தொகுப்பு வந்தது. இளசுகளுக்கு அது சரி, ஆனால் நம் அத்தைமார்களுக்குப் பல்லவியை முழுசாகப் பாட வேண்டும், பாதியில் அடுத்த பாட்டு தாவினால் முகம் சுருங்கிவிடும். 1988 ரீமிக்ஸ் தொகுப்பை நான் போடவே மாட்டேன். குரல் பழசு, தாளம் வேறு, பழகிய கால் தடுமாறும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் குழுவை 1970-களின் நடுவில் ஜெர்மனியில் உருவாக்கியவர் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபேரியன். மேடையில் நான்கு பேர் என்றாலும் ஸ்டூடியோவில் பாடிய பெண் குரல்கள் லிஸ் மிட்சலும் மார்சியா பாரெட்டும்தான். குழுவின் ஒரே ஆணான பாபி ஃபேரல் ஆடியதெல்லாம் ஃபேரியனின் குரலுக்கு. பிறகு உறுப்பினர்கள் பிரிந்து, ஆளுக்கொரு குழு வைத்து, அதே பாட்டுகளைத் திரும்பவும் பாடினார்கள். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய பென்டிரைவில் இருப்பது அந்த மறுபதிவாகவும் இருக்கலாம். 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' தொடக்கத்தைப் போட்டுக் கேளுங்கள். குழுவாக முனகும் அந்தக் குரல்கள் மெல்லியதாக, தட்டையாக ஒலித்தால் அது பழைய பதிவு இல்லை.

தேர்ந்தெடுத்ததை எல்லாம் முன்கூட்டியே இறக்கி வைத்துவிடுங்கள், செம்பனைத் தோட்டத்துக்குள் லைனை நம்ப முடியாது. பாட்டு ஓடும் போனில் ஏரோபிளேன் மோடு போடுங்கள். டேவானுக்கு (மண்டபத்துக்கு) ஜிங்க் கூரை என்றால் பாஸ் அடி கூரையில் மோதித் திரும்பி வரும், ஆகவே பாஸைக் குறைத்து, ஸ்பீக்கரைத் தரையில் வைக்காமல் தலை உயரத்தில் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். முதியவர்கள் மேசை ஸ்பீக்கருக்குப் பின்புறம் இருக்கட்டும், அவர்கள் பேசவும் வேண்டுமல்லவா. பக்கத்தில் பள்ளிவாசல் இருந்தால் இரவுத் தொழுகைக்கான இஷா அழைப்பு முடியும்வரை பாட்டை நிறுத்திவையுங்கள், அதற்குப் பிறகு ஆட்டத்தை ஆரம்பிப்பதுதான் நல்லது.

இப்போது வரிசை, இதுதான் முக்கியம். ஆல்பத்தில் உள்ள வரிசையில் விடாதீர்கள். 'பிரவுன் கேர்ள் இன் தி ரிங்'கில் ஆரம்பியுங்கள். அது ஜமைக்காவில் சிறுவர்கள் வட்டமாக நின்று விளையாடும் பாட்டு, நம் கும்மி மாதிரி, ஆடத் தெரியாதவர்கூட வட்டத்தில் கைதட்டிக்கொண்டே நுழைந்துவிடலாம். கூச்சம் அங்கேயே போய்விடும். அடுத்து 'சன்னி', அப்புறம் 'மா பேக்கர்'. 'மா பேக்கர்' மெட்டு துனிசிய நாட்டுப்புறப் பாட்டு ஒன்றிலிருந்து வந்தது, அதனாலோ என்னவோ ஆங்கிலம் தெரியாத பாட்டிகளும் அதை முனகுவார்கள். கூட்டம் சூடானதும் 'டாடி கூல்', உடனே 'ரஸ்புடின்'. 'ரஸ்புடின்' வரும்போது முட்டி மடக்கிக் குதிக்கப் போகும் மாமாக்களுக்கு நடுவில் இடம் விட்டு, நாற்காலிகளை முன்னாடியே தள்ளி வையுங்கள், தரையில் கொட்டின சிராப் தண்ணீரையும் துடைத்துவிடுங்கள். 'எல் லூட்டே', 'பெல்ஃபாஸ்ட்' எல்லாம் சாப்பாட்டு நேரத்துக்கு.

'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' எப்போது என்று பலரும் கேட்பார்கள். கடைசிப் பாட்டாக வைக்கலாம் என்று தோன்றும், வேண்டாம். தூரத்துக்காரர்கள், கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் திரும்ப வேண்டியவர்கள், பத்து மணிக்கே வேனில் ஏறிவிடுவார்கள், அவர்கள் இல்லாமல் அந்தப் பாட்டைப் போடக் கூடாது. 'ரஸ்புடின்' முடிந்து எல்லோரும் மூச்சு வாங்கும்போது போடுங்கள், ஆட வேண்டியதில்லை, பாடினால் போதும். பைபிளின் 137-ஆம் சங்கீதத்தை வைத்து ஜமைக்காக்காரர்கள் 1970-இல் பாடியதைத்தான் போனி எம் 1978-இல் எடுத்துப் பாடினார்கள். சொந்த மண்ணிலிருந்து பிடுங்கப்பட்டவர்கள் வேற்று நாட்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிறார்கள். தோட்டம் விற்கப்பட்டு, லயத்து வரிசை வீடுகளுக்கு நோட்டீஸ் வந்து, கோயிலை மட்டும் விட்டுவிட்டுக் கிளம்பியவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த நேரம் மைக்கில் யாரும் பேசாதீர்கள், சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து அவர்கள் குரல் மேலே கேட்கும்படி விடுங்கள், முடிந்ததும் இரண்டு நிமிடம் எதுவும் போடாதீர்கள்.

அதற்குப் பிறகு 'ஹூரே ஹூரே' போடுங்கள், எழுந்து வருவார்கள். அப்புறம் உருமி மேளப் பையன்களுக்கு விட்டுவிடலாம்.