உடற்பயிற்சி அறிவியல் மாணவர்கள் களப்பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடற்பயிற்சி அறிவியல் படிக்கும் மாணவர்கள் இன்டர்ன்ஷிப்புக்கு இடம் தேடும்போது பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரைத்தான் முதலில் பார்க்கிறார்கள். புகழ்பெற்ற அணியிலோ பெரிய மருத்துவமனையிலோ மூன்று மாதம் இருந்ததற்குச் சான்றிதழ் கிடைத்தாலும், அந்த மூன்று மாதமும் பயிற்சிக் கருவிகளை எடுத்து வைப்பதிலும் பிறர் செய்வதை ஓரமாக நின்று பார்ப்பதிலும் கழிந்திருந்தால் கை பழகியிருக்காது. வாரத்துக்கு எத்தனை பேருக்கு நானே ரத்த அழுத்தம் பார்ப்பேன், எத்தனை டிரெட்மில் சோதனைகளில் உடனிருப்பேன், நான் எடுத்த அளவை மறுபடி எடுத்துச் சரிபார்ப்பவர் யார் என்பவையே சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள். இவற்றுக்குத் தெளிவான பதில் தரும் சிறிய இதய மறுவாழ்வு மையம், பதில் தராத பெரிய இடத்தைவிட மேலானது என்பதே என் உறுதியான எண்ணம்.

சேர்ந்த பிறகு நேரும் தவறுகளில் மிகுதியானவை ரத்த அழுத்தம் பார்ப்பதில்தான் நேர்கின்றன. எளிய வேலை என்று எல்லோரும் நினைப்பதே அதற்குக் காரணம். மாடிப்படி ஏறி வந்தவரை உடனே உட்கார வைத்து, ஊர் பெயரை விசாரித்துக்கொண்டே கையில் பட்டையைச் சுற்றினால் வருவது அவருடைய ஓய்வுநிலை அழுத்தம் அன்று. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்தும், பாதங்கள் தரையில் பதிந்தும், கை இதயத்தின் மட்டத்தில் தாங்கப்பட்டும் இருக்க வேண்டும். அளக்கும்போது இருவருமே பேசக்கூடாது. அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் அவர் காபி குடித்தாரா, புகைத்தாரா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பையின் நீளம் மேற்கையின் சுற்றளவில் சுமார் 80 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்பதால், பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். காற்றை விநாடிக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் பாதரசம் என்ற அளவில் மெதுவாக இறக்க வேண்டும். அவசரமாகத் திறந்துவிட்டால் மேல் அழுத்தத்தைக் காட்டும் முதல் ஒலி தவறிவிடும்.

இதனினும் பெரிய தவறு ஒன்று உண்டு. டிரெட்மில் ஓடும் இரைச்சலில் ஸ்டெதஸ்கோப்பில் ஒலி சரியாகக் கேட்காதபோது, கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, முந்தைய எண்ணுக்கு ஒட்டி வரும்படி ஏதோ ஒன்றை எழுதிவிடுவது. உடற்பயிற்சியின் சுமை கூடும்போது மேல் அழுத்தம் உயராமல் கீழே இறங்குவது சோதனையை நிறுத்த வேண்டிய அறிகுறிகளில் ஒன்று. கற்பனையாக எழுதப்பட்ட எண் அந்த எச்சரிக்கையையே மறைத்துவிடும். "சார், எனக்குக் கேட்கவில்லை, நீங்கள் ஒருமுறை பாருங்கள்" என்று சொல்லும் மாணவரை எந்த நல்ல மேற்பார்வையாளரும் குறைவாக நினைக்க மாட்டார்.

அடுத்தது, 220-லிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணை ஒருவருடைய உச்ச இதயத்துடிப்பாகவே நம்பிவிடுவது. அது ஒரு சராசரி மதிப்பீடுதான்; ஒரே வயதுடைய இருவரின் உண்மையான உச்சத்துடிப்பு இருபதுக்கும் மேல் வேறுபடக்கூடும். மெட்டோபுரோலால், அட்டெனொலால் போன்ற பீட்டா தடுப்பு மாத்திரைகளை உட்கொள்பவருக்கோ இதயத்துடிப்பே மட்டுப்பட்டிருக்கும். அவரிடம் போய், சூத்திரம் சொன்ன இலக்கு இன்னும் வரவில்லையே என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவது ஆபத்து. இத்தகையவர்களுக்கு சிரமத்தை 6 முதல் 20 வரையுள்ள எண்ணால் சொல்ல வைக்கும் போர்க் (Borg) அளவுகோலில் அவர் உணர்வதைக் கேட்டு, மூச்சு வாங்குவதையும் முகத்தையும் கவனித்துச் சுமையைத் தீர்மானிக்க வேண்டும். மாத்திரைப் பட்டியலைப் படிக்காமல் சோதனையைத் தொடங்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே விட்டுவிட வேண்டும்.

ஆறு நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளக்கும் நடைச் சோதனையில் அன்பே தவறாகிவிடுவதுண்டு. முதியவர் தனியாக நடக்கிறாரே என்று மாணவர் பக்கத்திலேயே நடந்தால், அவர் அறியாமலே மாணவருடைய வேகத்துக்கு மாறிவிடுவார். 30 மீட்டர் நேர்ப்பாதையில் அவர் தம் வேகத்தில்தான் நடக்க வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் வகுக்கப்பட்ட ஊக்கச் சொற்களை மட்டும் சீரான குரலில் சொல்ல வேண்டும். ஒருவரை உற்சாகமாகக் கூவி நடக்க வைத்து, மற்றொருவரிடம் மௌனமாக இருந்தால், இரண்டு தூரங்களையும் ஒப்பிட முடியாது.

உடல் கொழுப்பை மதிப்பிட, காலிப்பர் என்ற இடுக்கிக் கருவியால் தோல்மடிப்பை அளக்கும்போது, எங்கே தொடப்போகிறோம், எதற்காக என்று முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெற வேண்டும்; பெண்களுக்கு அளக்கும்போது விரும்பினால் உடன் ஒரு பெண் பணியாளர் இருக்கலாம் என்பதையும் நாமே சொல்ல வேண்டும். சோதனை அறையில் எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பதை எந்த மையமும் பொறுத்துக்கொள்ளாது.

சில நாட்கள் பழகியதும், "தம்பி, நடக்க ஆரம்பித்த பிறகு சர்க்கரை குறைந்திருக்கிறது, மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று நோயாளிகள் உரிமையோடு கேட்பார்கள். தெரிந்த பதில் போலத் தோன்றினாலும் மாணவர் அதைச் சொல்லக் கூடாது. "டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள் ஐயா, நானும் அவரிடம் சொல்கிறேன்" என்று கூறிவிட்டு, அந்தக் கேள்வியை அன்றே பதிவேட்டில் எழுதி மேற்பார்வையாளரிடம் காட்ட வேண்டும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு உடற்பயிற்சிக்குப் பிறகு சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிக்கொண்டிருக்கலாம். அவர் கேட்ட கேள்வியே அதற்கான முதல் தடயமாக இருக்கக்கூடும்.