யாழ்ப்பாணத்துப் பண்ணையில் தூண்டில் போட எந்த ரீல் வாங்கலாம்?

நம்முடைய பரவைக்கடலுக்கு ரீல் வாங்குபவர் மீனுக்கு முன் உப்பை நினைக்க வேண்டும். பண்ணையிலோ மண்டைதீவுப் பக்கமோ நின்று வீசினால் ஒராவும் சின்னப் பாரையும் ரீலை உடைத்துவிடாது. உப்புதான் அதை அரிக்கும்.

ஸ்பின்னிங் ரீலில் 3000 அல்லது 4000 அளவு போதும். பெட்டியில் ‘12+1 பெயரிங்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். உள்ளே சுழலும் குண்டுத் தாங்கிகளின் எண்ணிக்கை அது; கூடினால் துருப்பிடிக்க இன்னும் சில இடங்கள், அவ்வளவுதான். குறைந்த விலையில் எடுப்பதென்றால் என் தெரிவு கிராபைட் உடல். அலுமினியம் உறுதிதான், ஆனால் பூச்சு உரிந்த இடத்தில் உப்பு அரிக்கத் தொடங்கும்.

கடையில் கைப்பிடியை மெதுவாகச் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் எந்த ரீலும் நல்ல ரீல்தான்; கரகரப்பு மெதுவில்தான் தெரியும். அப்புறம் டிராக்கை (மீன் இழுக்கும்போது நூல் எவ்வளவு இறுக்கத்தில் கழல வேண்டும் என்று வைக்கும் திருகு) பாதி இறுக்கிவிட்டு, நூல் சுற்றும் வட்டான ஸ்பூலைக் கையால் திருப்புங்கள். விட்டு விட்டுத் திரும்பினால் வைத்துவிட்டு வாருங்கள்.

இனி நூல் சுற்றுவது. பலரும் குழம்புவது இங்கேதான். பிரெயிட் எனும் பின்னல் நூலை வெறும் ஸ்பூலில் கட்டினால், மீன் இழுக்கும்போது சுற்றிய நூல் முழுவதும் ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுழலும். எவ்வளவு இறுக்கினாலும் டிராக் பிடிக்காதது போலவே இருக்கும். ரீல் பழுதென்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகவேண்டாம். முதலில் பத்துப் பதினைந்து சுற்றுத் தங்கூசி (ஒற்றை இழை நைலோன் நூல்) சுற்றி, அதன் முனையில் பிரெயிட்டை முடியுங்கள். ஈரத்துணியால் நூலைப் பிடித்து இறுக்கமாகச் சுற்ற வேண்டும். விளிம்புக்கு 2 மில்லிமீற்றர் இருக்கும்போது நிறுத்திவிடுங்கள். வழிய வழியச் சுற்றினால் வீசும்போது கொத்தாகக் கழன்று சிக்கும்.

டிராக்கை நூலின் பலத்தில் கால்வாசிக்கு வையுங்கள். 8 கிலோ நூலென்றால், தொங்குதராசில் கட்டி இழுக்கும்போது 2 கிலோவில் நூல் கழல வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் டிராக்கை இறுக்கி, மேலாகத் தண்ணீர் தெளித்துக் கழுவி, நிழலில் காயவிட்டு டிராக்கைத் தளர்த்துங்கள். வாளிக்குள் அமிழ்த்த வேண்டாம்.

பின்சேர்க்கை: தினமும் கழுவியும் ரீலில் வெள்ளை படிகிறது என்று வேலணையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். கிணற்றுத் தண்ணீர் சவராக இருந்தால் கழுவியும் உப்புத்தான் மிஞ்சும். குடிக்கிற தண்ணீரில் ஒரு போத்தல் எடுத்துக் கழுவுங்கள். காய்ந்ததும் நூல் ஓடும் உருளையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். முதலில் இறுகுவது அதுதான். தேங்காயெண்ணெய் மட்டும் வேண்டாம், பிசுபிசுத்துவிடும்.