நீட்டுக்குப் பிறகு நான் எடுத்த படிப்பு

நீட் மதிப்பெண் எம்பிபிஎஸ்ஸுக்குப் போதவில்லை. வீட்டில் இன்னொரு வருடம் கோச்சிங் போகச் சொன்னார்கள். எனக்கு வேண்டியது நோயாளியோடு நேரடியாக வேலை செய்வது. அதற்கு வேறு வழி இருக்கிறதா என்று தேடினேன்.

முதலில் பிசியோதெரபி, அப்புறம் உணவியல் என்று யோசித்தேன். கடைசியில் கிடைத்தது பலரும் கேள்விப்படாத பிஏஎஸ்எல்பி. காது கேட்கும் திறனையும் பேச்சையும் பற்றிய பட்டப்படிப்பு. 3 வருடப் படிப்பு, 1 வருடப் பயிற்சி. நான் சேரும்போது பிளஸ் டூ மதிப்பெண்தான் பார்த்தார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது குழந்தைகளோடு செய்யும் வேலை. பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை சிகிச்சை செய்து, உள்காதில் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். ஆனால் கருவி ஒலியை உணரத்தான் வைக்கும். அந்த ஒலி என்ன என்று புரிந்து, பிறகு பேச, மாதக்கணக்கில் பயிற்சி தேவை. அம்மா அப்பாவுக்கும் நாங்கள் சொல்லித் தர வேண்டும். அறுவை சிகிச்சைக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூட இந்தப் பயிற்சிக்குக் கிடைப்பதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

வேலையா? மருத்துவமனை, சிறப்புப் பள்ளி, காது கருவி மையம், சொந்த கிளினிக் எல்லாம் உண்டு. பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களும் வருவார்கள்.

சேரும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். கல்லூரிக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா? கல்லூரியிலேயே தினமும் நோயாளிகள் வரும் கிளினிக் இருக்கிறதா? இரண்டாவதை நேரில் போய், சீனியர்களிடம் கேளுங்கள்.