டைல்ஸை உடைக்கறதுக்கு முன்னாடி சுவத்துக்குள்ள லீக் எந்த லைன்லன்னு பாருங்க

சுவத்துல உப்பு பூத்து பெயின்ட் உரியுதா, உடனே ஆளைக் கூப்பிட்டு டைல்ஸை உடைக்க விட்டுடாதீங்க, முதல்ல எந்த லைன் ஒழுகுதுன்னு நீங்களே கண்டுபிடிச்சிடலாம்.

ராத்திரி படுக்கப்போறப்ப மோட்டாரை ஆஃப் பண்ணுங்க, ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் இருந்தா அதையும்தான், இல்லன்னா நடுராத்திரி தானா ஓடி கணக்கையே கெடுத்துடும். மாடிக்குப் போய் டேங்க்ல ஒரு குச்சிய அடி வரைக்கும் விட்டு, நனைஞ்ச எடத்துல கோடு போடுங்க. விடியற வரைக்கும் யாரும் குழாய் திறக்கக்கூடாது, ஃப்ளஷ் பண்ணக்கூடாது, பக்கெட்ல தண்ணி புடிச்சு வச்சுக்கோங்க. காலையில அதே குச்சிய விட்டுப் பாருங்க. ஒரு மீட்டர் அகலமான உருண்டை டேங்க்ல 1 செ.மீ. குறைஞ்சாலே கிட்டத்தட்ட 8 லிட்டர் போயிருக்கு.

குறைஞ்சிருந்தா முதல் சந்தேகம் ஃப்ளஷ் டேங்க் மேலதான். கொஞ்சம் கேசரி பவுடரை அதுல கரைச்சு விட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாம விடுங்க, கோப்பைக்குள்ள ஆரஞ்சு கலர் இறங்கினா உள்ள இருக்கற வாஷர் போச்சு, சின்ன செலவுல முடிஞ்சிடும்.

அது இல்லன்னா அடுத்த ராத்திரி டேங்க் அடியில இருக்கற கேட் வால்வை எல்லாம் மூடிட்டு மறுபடி குச்சி வச்சுப் பாருங்க. பழைய கேட் வால்வு முழுசா மூடாது, அதனால கீழ குழாயத் திறந்துவிட்டு தண்ணி சுத்தமா நிக்குதான்னு பாத்துட்டு குழாயை மூடுங்க. அப்பவும் குறைஞ்சா டேங்க்லயோ அதோட ஜாயின்ட்லயோதான் கோளாறு. குறையலையா, ஒரு ராத்திரிக்கு ஒரு வால்வு மட்டும் திறந்து வைங்க, எந்த வால்வு திறந்தப்ப குறையுதோ அந்த லைன்தான். கெய்சருக்குப் போற ஆங்கிள் வால்வை மட்டும் மூடினா குறையறது நின்னுடுதுன்னா கெய்சரோ அதுலேர்ந்து வர்ற சுடுதண்ணி பைப்போதான் காரணம்.

டேங்க்ல குறையவே இல்ல, ஆனா சுவரு ஈரமா இருக்குன்னா குளிக்கற தண்ணி போற பக்கம் பாருங்க. தரையில இருக்கற ஜாலிய துணியும் பிளாஸ்டிக் கவரும் வச்சு அடைச்சு, ஒரு இஞ்ச் தண்ணி தேக்கி 24 மணி நேரம் விடுங்க, கீழ்வீட்டு சீலிங்ல ஈரம் எறங்கினா தரை வாட்டர்ப்ரூஃபிங் போயிடுச்சு. தேக்கினப்ப ஒண்ணும் இல்லாம ஜாலிய திறந்துவிட்டதும் ஈரம் வந்தா வேஸ்ட் பைப். மழையில மட்டும் ஈரம்னா வெளிச்சுவர் விரிசல், ஏசி போட்டா மட்டும்னா அதோட டிரெயின் குழாய், இது ரெண்டுக்கும் பாத்ரூமை உடைக்கறது அநியாயம்.

லைன் தெரிஞ்சதுக்கப்புறம் பிளம்பர்கிட்ட பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, அதாவது பைப்புக்குள்ள தண்ணிய அழுத்தமா ஏத்தி, அழுத்தம் காட்டற கேஜ்ல முள் இறங்குதான்னு பாக்கறது, ரிப்பேர் முடிச்சதும் டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை கேஜ் முள் இறங்காம நிக்கறதை பக்கத்துல நின்னு பாத்துட்டு அப்புறமா பூசச் சொல்லுங்க.