"யோசிக்காதை பிள்ளை" என்று சொல்லாதீர்கள்

பிள்ளைத்தாச்சி ஒருத்தியின் முகம் கொஞ்சம் வாடினால் போதும், யாழ்ப்பாணத்து வீடுகளில் உடனே ஒரு குரல் எழும்: "யோசிக்காதை பிள்ளை, உன்ரை யோசினை வயித்துப் பிள்ளையையும் பிடிச்சிடும்." சொல்பவர் மாமியோ பெரியம்மாவோ, அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் கேட்கிறவளுக்கு அதுவரை ஒரு யோசினை, இப்போது இரண்டு. முதலில் கைவிட வேண்டிய தவறு இதுதான்.

மாமியின் பேச்சில் உண்மையே இல்லையா? இருக்கிறது. மனம் நெருக்கப்படும்போது தாயின் இரத்தத்தில் கோர்டிசோல் என்ற ஹோர்மோன் கூடுகிறது. அது முழுவதும் பிள்ளைக்குப் போய்ச் சேராது. தாயையும் பிள்ளையையும் இணைக்கும் சூல்வித்தகத்தில் (நஞ்சுக்கொடியில்) உள்ள ஒரு நொதியம் (என்சைம்) பெரும்பகுதியை வலுவிழக்கச் செய்துவிடும். கடும் நெருக்கடி மாதக்கணக்கில் நீண்டால் அந்தக் காவல் தளரலாம். அச்சத்தையும் நினைவாற்றலையும் கவனத்தையும் ஆளும் பிள்ளையின் மூளைப் பகுதிகள் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கும்.

கனடாவின் கியூபெக்கில் 1998 ஜனவரியில் பெரும் பனிமழைப் புயல் அடித்தது. சில வீடுகளில் ஒரு மாதத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. அப்போது கர்ப்பமாக இருந்தவர்களின் பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். மொழி வளர்ச்சியிலும் அறிவுத்திறனிலும் தெரிந்த வேறுபாடு, தாய் எவ்வளவு கவலைப்பட்டாள் என்பதைவிட, உண்மையில் எவ்வளவு கஷ்டத்தை அனுபவித்தாள் என்பதோடுதான் கூடுதலாகப் பொருந்தியது. அப்படியென்றால், "கவலைப்படாதே" என்று புத்தி சொல்வதைவிட அவளின் கஷ்டத்தில் ஒன்றையாவது குறைப்பதில்தான் பலன் இருக்கிறது.

அதற்காக இதை விதி என்று எடுத்துக்கொள்வதும் பிழை. 1995இல் போரால் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது வயிற்றில் பிள்ளையோடு நாவற்குழிப் பாலத்தைக் கடந்த அம்மாக்கள் எத்தனை பேர்! அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது முப்பது வயது. அவர்களில் படிப்பிக்கிறவர்களும் வைத்தியம் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆய்வுகள் சொல்வது ஆபத்து சற்றுக் கூடுகிறது என்பதை மட்டுமே. பரம்பரை, சாப்பாடு, பிறந்தபின் கிடைக்கும் அரவணைப்பு எல்லாம் சேர்ந்துதான் ஒரு மூளை வளர்கிறது. பிள்ளை பேசப் பிந்தினால், "அப்ப நான் அழுததாலைதான்" என்று தாய் தன்னையே குற்றவாளியாக்க வேண்டியதில்லை. பஸ்ஸைத் தவறவிட்ட எரிச்சல், கணவனோடு வந்த சின்னச் சண்டை இவையெல்லாம் இந்தக் கணக்கிலேயே வராது.

கணக்கில் வருபவை வேறு. அடகு வைத்த நகை, கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரர், வெளிநாட்டிலிருந்து நடுச்சாமத்தில் அழைத்து விசாப் பிரச்சினையைக் கொட்டும் கணவன், குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவன். கடன்காரரோடு வேறொருவர் பேசலாம். விசாக் கதையைப் பகலில் சொல்லலாம். அடிக்கிறவனை "ஆம்பிளையெண்டால் அப்பிடித்தான்" என்று மூடி மறைப்பது எல்லாவற்றிலும் மோசமான தவறு.

சரி, கிளினிக்கில் என்ன நடக்கிறது? நிறையும் பிரஷரும் பார்க்கிறார்கள், திரிபோஷா சத்துமா வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம். நித்திரை வருவதில்லை, ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை என்பதை மட்டும் சொல்வதில்லை. "விசர் எண்டு சொல்லிப்போடுவினம்" என்ற பயம். குடும்பநல உத்தியோகத்தர், அதாவது நம் மிட்வைஃப், வீட்டுக்கே வருகிறவர். அவரிடம் தனியாக ஐந்து நிமிடம் பேசலாம். மாமி அந்த நேரம் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனால் இன்னும் நல்லது.

ஏற்கெனவே மனநல மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பம் என்று தெரிந்ததும் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் நோய் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம். சில மாத்திரைகளை மாற்ற வேண்டி வரும், சிலவற்றைத் தொடரலாம். அதை வைத்தியர்தான் முடிவுசெய்ய வேண்டும். இரவில் தாங்க முடியாமல் போனால் இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.