ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பெட்ரோல் கார்: மிஸ்ஃபயரையும் சென்சார் கோளாறையும் படிப்படியாகக் கண்டறிதல்

சிக்னலில் கார் நிற்கும்போது ஸ்டியரிங்கும் இருக்கையும் மெல்ல உதறுகின்றன. மேம்பாலத்தில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினாலும் இழுவை விட்டுவிட்டு வருகிறது. மீட்டரில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிகிறது. பட்டறைகளில் இதை "வண்டி மிஸ் அடிக்கிறது" என்பார்கள்; ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை (மிஸ்ஃபயர்) என்று பொருள். இந்த நிலையில் பலரும் ஸ்கேனரில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, அதில் பெயர் வரும் பாகத்தை உடனே வாங்கி மாட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்த எண் எங்கே கணக்கு உதைக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. உதைப்பதற்குக் காரணம் பழைய வண்டியில் பெரும்பாலும் ஒரு ஒயராகவோ, ரப்பர் குழாயாகவோ, எர்த் இணைப்பாகவோ இருக்கும்.

இந்த விளக்கத்துக்கு நான் எடுத்துக்கொள்வது 2014-இல் வாங்கி 1,68,000 கிலோமீட்டர் ஓடிய எனது ஹேட்ச்பேக் காரை. அது 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சின். பெட்ரோலைப் பற்றவைக்கும் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் தலையிலும், பொறிக்கு மின்சாரம் தரும் தனித்தனிக் காயில் உண்டு. உள்ளே போகும் காற்றை அளக்கக் காற்றோட்ட சென்சார் இருக்கிறது. உங்கள் வண்டி சற்று வேறுபடலாம். சோதிக்கும் வரிசை மாறாது.

தேவையான கருவிகள் அதிகமில்லை. வண்டி பதிவுசெய்த கோளாறு எண்களைப் படித்து, கைபேசியோடு புளூடூத்தில் இணையும் ஓபிடி ஸ்கேனர், டிஜிட்டல் மல்டிமீட்டர், பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), டார்ச் விளக்கு ஆகியவை போதும். காயிலில் பல்லாயிரம் வோல்ட் உண்டாகிறது என்பதால், எஞ்சின் ஓடும்போது அதைக் கையால் தொட்டுப் பார்க்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். பிளக் மாட்டியிருக்கும் அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் மரை எளிதில் கிழிந்துவிடும். ஆகவே எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும்.

படி 1: விளக்கு எப்படி எரிகிறது என்று பாருங்கள்

விளக்கு நிலையாக எரிந்தால் வண்டியை மெதுவாக வீடு வரை ஓட்டி வரலாம். விட்டுவிட்டு மின்னினால் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிடுவதே நல்லது. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து, அதன் உட்கூட்டை உருக்கிவிடக்கூடும் என்பதற்கான எச்சரிக்கை அது. ஒரு காயிலின் விலையைவிடக் கன்வர்ட்டரின் விலை பல மடங்கு அதிகம்.

படி 2: எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், அழிக்காதீர்கள்

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்களில் ஓபிடி இரண்டாம் நிலை கட்டாயம் என்பதால், பெரும்பாலான வண்டிகளில் சாதாரண ஸ்கேனரே வேலை செய்யும்.

பி0301 முதல் பி0304 வரை வந்தால், கடைசி இலக்கம் எந்த சிலிண்டரில் மிஸ் என்பதைக் காட்டுகிறது. பி0300 என்றால் மிஸ் ஒரே சிலிண்டரில் நிற்காமல் மாறி மாறி வருகிறது. பி0171 என்பது கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்திருப்பதையும், பி0172 அதற்கு நேர்மாறான நிலையையும் குறிக்கும். பி0335 கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சென்சார் இணைப்பையும், பி0340 கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சென்சார் இணைப்பையும், பி0117, பி0118 ஆகியவை கூலண்ட் வெப்ப சென்சார் இணைப்பையும் சேர்ந்தவை. "இணைப்பு" என்ற சொல்லைக் கவனியுங்கள். சென்சார், கனெக்டர், ஒயர், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) நான்கும் அதில் அடங்கும்.

எண்ணோடு சேர்த்து, கோளாறு பதிவான கணத்தின் விவரங்களையும் ஸ்கேனர் காட்டும். அப்போது எஞ்சின் வேகம் என்ன, குளிர்ந்திருந்ததா, சூடாக இருந்ததா, பளு எவ்வளவு என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணை அழித்தால் இந்தக் குறிப்பும் அதோடு போய்விடும். அதே சூழ்நிலையில் வண்டியை மறுபடி ஓட்டிப் பார்க்க முடியாவிட்டால், பழுது சரியானதா என்று உறுதிசெய்ய வழியே இல்லை.

மிஸ் ஆனதை ஈசியூ எப்படி அறிகிறது என்பதையும் தெரிந்துகொள்வது பயன்படும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் 180 பாகை திரும்புவதற்கு ஒருமுறை ஒரு சிலிண்டர் எரிந்து அதைத் தள்ளுகிறது. எந்த முறையில் அந்தத் தள்ளல் வராமல் கிராங்க் தளர்கிறதோ, அந்த முறைக்குரிய சிலிண்டரின் பெயரில் பதிவு விழுகிறது. தீப்பொறி வந்ததா, பெட்ரோல் வந்ததா என்பதை அது நேரடியாகப் பார்ப்பதில்லை.

படி 3: பேட்டரியும் எர்த்தும்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். எஞ்சின் நிறுத்தி சில மணி நேரம் ஆன பேட்டரியில் 12.6 வோல்ட் அளவிலும், எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரையிலும் இருக்க வேண்டும். பிறகு ஹெட்லைட்டையும் ஏசி புளோயரையும் போட்டு, எஞ்சின் ஓடும்போதே மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் உலோகத்திலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.2-ஐத் தாண்டினால் எர்த் ஒயரின் முனையில் துரு ஏறியிருக்கும். அதைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து இறுக்க வேண்டும். கடலோர ஊர்களில் ஓடும் வண்டிகளில் இந்த ஒரு காரணத்தாலேயே நான்கைந்து சென்சார்கள் ஒரே நேரத்தில் பொய் சொல்வதுண்டு.

படி 4: ஒரே சிலிண்டரில் மிஸ் என்றால் இடம் மாற்றிப் பாருங்கள்

எனக்கு வந்தது பி0303. மூன்றாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி ஒன்றாம் சிலிண்டரில் மாட்டி, ஒன்றாவதன் காயிலை மூன்றாவதில் மாட்டினேன், பிளக்குகளைத் தொடவில்லை. எண்ணை அழித்துவிட்டு (எழுதிக்கொண்டாயிற்று அல்லவா!) அதே மேம்பாலத்தில் ஏறிப் பார்த்தேன். பி0301 வந்திருந்தால் காயில்தான் குற்றவாளி என்று முடிந்திருக்கும். மறுபடி பி0303 தான் வந்தது. அடுத்து அதே முறையில் பிளக்குகளை இடம் மாற்றினேன். இப்போது பி0301 வந்தது. ஒரு பைசா செலவில்லாமல் கோளாறு பிளக்கில் என்று தெரிந்துவிட்டது. பிளக்கை இடம் மாற்றியும் எண் மாறாமல் நின்றால், அடுத்தது பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர். அதன் கனெக்டரைக் கழற்றி இரு முனைகளுக்கு இடையே அளந்தால் பெரும்பாலான வண்டிகளில் 12 முதல் 16 ஓம் வரை காட்டும். மற்ற மூன்றிலிருந்து விலகி நிற்கும் அளவே சந்தேகத்துக்குரியது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். காயிலையும் பிளக்கையும் சேர்த்து மாற்றினால் சோதனையே வீண். பெரும்பாலான முன்சக்கர இயக்கக் கார்களில் பெல்ட் இருக்கும் பக்கத்து சிலிண்டரே 1. ஐயமிருந்தால் கையேட்டைப் பாருங்கள்.

எந்த சிலிண்டர் என்று தெரியாதபோது, ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு காயிலாகக் கழற்றி அதிர்வைக் கேட்பது பட்டறை வழக்கம். நான் இன்ஜெக்டரின் கனெக்டரைத்தான் கழற்றுவேன். காயிலைக் கழற்றினால் அந்த சிலிண்டரின் பெட்ரோல் எரியாமல் கன்வர்ட்டருக்குப் போகும். இன்ஜெக்டரைக் கழற்றினால் வெறும் காற்றுதான் போகும். கழற்றிய பின்னும் எஞ்சினின் ஓட்டம் மாறவில்லை என்றால் அந்த சிலிண்டர் ஏற்கனவே வேலை செய்யவில்லை என்று பொருள்.

படி 5: பிளக்கைப் படியுங்கள்

கழற்றிய பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எரிதல் சீராக உள்ளது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. பிசுபிசுப்பான கறுப்பு என்றால் ஆயில் உள்ளே வருகிறது. இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து கையேட்டின் அளவோடு ஒப்பிடுங்கள். எனது வண்டியில் 1.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி தேய்ந்து 1.5 ஆகியிருந்தது, இவ்வளவு தூரத்தைத் தாண்டப் பொறிக்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவை, அந்தச் சுமையில்தான் காயில்களும் சாகின்றன.

பிளக் இருக்கும் குழியில் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே ஆயில் தேங்கியிருந்தால் எஞ்சினின் மேல்மூடியின் (டேப்பெட் கவர்) பேக்கிங் கசிகிறது. அதை மாற்றாமல் புதிய காயிலை மாட்டினால், ஆயிலில் ஊறி அதுவும் விரைவில் போய்விடும்.

படி 6: மாறி மாறி வரும் மிஸ்ஸும் காற்று மிகுந்த கலவையும்

பி0171 வந்தால், எக்சாஸ்ட் புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை உணரும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்பவர்கள் ஏராளம். நானும் ஒருமுறை கடைக்காரர் சொன்னதைக் கேட்டுப் புதிதாக வாங்கி மாட்டினேன். மூன்றாம் நாள் அதே எண் திரும்பி வந்தது. அந்த சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. எஞ்சின் சூட்டில் விறைத்துப்போன ஒரு சிறிய ரப்பர் குழாய், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால் வளையும் இடத்தில் வெடித்திருந்தது.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனரில் "லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம்" என்ற அளவைப் பாருங்கள். ஈசியூ தன் அடிப்படைக் கணக்குக்கு மேல் எத்தனை விழுக்காடு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்பதே அது. பொதுவாக 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. எனது வண்டியில் ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும்போது) கூட்டல் 19 காட்டியது, 2,500 ஆர்.பி.எம். வைத்துப் பிடித்தபோது 5-க்கு இறங்கியது. அளக்கப்படாமல் ஓட்டை வழியே நுழையும் காற்று, எஞ்சின் குறைவாக மூச்சுவிடும்போது பெரிய பங்காகவும், நிறைய மூச்சுவிடும்போது சிறிய பங்காகவும் இருப்பதே காரணம். மாறாக, வேகமும் பளுவும் கூடக்கூட இந்த எண்ணும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் அல்லது அழுக்கேறிய காற்றோட்ட சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும்.

காற்றோட்ட சென்சார் இல்லாமல் மேனிஃபோல்டு அழுத்த சென்சாரை மட்டும் நம்பும் வண்டிகளில் இந்தச் சோதனை இவ்வளவு தெளிவாகப் பேசாது. உள்ளே புகும் காற்றை அந்த சென்சாரும் சேர்த்தே உணர்வதால், அங்கே ஐடில் வேகம் ஏறி நிற்பதுதான் முதல் அடையாளம்.

ஓட்டையைத் தேட, ஐடிலில் ஓடும் எஞ்சினின் ரப்பர் குழாய்களில் தண்ணீரைச் சிறிய ஸ்பிரே பாட்டிலால் தெளித்துப் பாருங்கள். "உஸ்" என்ற சத்தமோ ஐடிலோ மாறினால் அங்கேதான் இடம். காயில்கள் மேல் படக்கூடாது. எரியக்கூடிய கார்ப் கிளீனரை அடித்துப் பார்ப்பதும் உண்டு. சூடான எக்சாஸ்ட் பக்கத்திலேயே இருப்பதால் புதியவர்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

ஒரு சிக்கலையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் அதிலிருந்த ஆக்சிஜன் அப்படியே எக்சாஸ்டுக்கு வருகிறது. அதைக் காணும் சென்சார், பெட்ரோல் போதவில்லை என்று ஈசியூவிடம் சொல்லிவிடும். எனவே பி0303-உம் பி0171-உம் சேர்ந்து வந்தால் முதலில் மிஸ்ஸைச் சரிசெய்யுங்கள். பி0300-உம் பி0171-உம் சேர்ந்து வந்தால் முதலில் காற்று ஓட்டையைத் தேடுங்கள்.

படி 7: சென்சார் பொய் சொல்கிறதா?

மிக எளிய சோதனை, காலையில் எஞ்சினைத் தொடும் முன் சாவியை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரைப் பார்ப்பது. இரவு முழுவதும் நின்ற வண்டியில் கூலண்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் வெளி வெப்பத்தோடு ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். 28 டிகிரி காலையில் ஒன்று 29-உம் மற்றொன்று 52-உம் காட்டினால் பொய்யர் யார் என்று சொல்லத் தேவையில்லை. கழித்தல் 40 என்று காட்டினால் ஒயர் அறுந்திருக்கிறது அல்லது கனெக்டர் கழன்றிருக்கிறது. சென்சாரைத் தனியே அளந்தால் பல வண்டிகளில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 டிகிரியில் 300 ஓம் அளவிலும் இருக்கும்.

மேனிஃபோல்டு அழுத்த சென்சார் இருந்தால், எஞ்சின் ஓடாதபோது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும்: சென்னையில் 100 கிலோபாஸ்கல் அளவு, 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் 77-ஐ ஒட்டி. சூடான எஞ்சின் ஐடிலில் ஓடும்போது 30 முதல் 40 வரை இறங்கும்.

பல சென்சார் எண்கள் ஒரே நாளில் வரிசையாக வந்தால், எல்லாம் ஒன்றாகக் கெட்டுவிட்டன என்று எண்ணாதீர்கள். பல சென்சார்களுக்கு ஈசியூ ஒரே 5 வோல்ட் இணைப்பைப் பகிர்ந்து கொடுக்கிறது. ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் எல்லாவற்றின் 5 வோல்ட்டும் விழுந்துவிடும். மல்டிமீட்டரை அந்த ஒயரில் வைத்துக்கொண்டு சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுவே காரணம். எதைக் கழற்றியும் திரும்பாவிட்டால் ஒயரைப் பின்தொடர வேண்டும். எலி கடித்த தடம் பெரும்பாலும் பேட்டரித் தட்டுக்குப் பின்னால்தான் இருக்கும்.

கிராங்க் சென்சார் சூட்டில் மட்டும் கெடும் குணமுடையது. போக்குவரத்து நெரிசலில் எஞ்சின் நின்று, அரை மணி நேரம் ஆறிய பின் ஒன்றும் நடவாததுபோல் ஸ்டார்ட் ஆனால், அடுத்த முறை நின்றவுடன் ஸ்டார்ட்டரைச் சுற்றிக்கொண்டே ஸ்கேனரில் ஆர்.பி.எம். பாருங்கள். சுழலும்போதும் பூச்சியம் காட்டினால் கிராங்க் சென்சாரோ அதன் ஒயரோதான்.

படி 8: எல்லாம் சரி, மிஸ் மட்டும் போகவில்லை என்றால்

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பார்க்க வேண்டும். எஞ்சின் வெதுவெதுப்பாக இருந்து, அனைத்து பிளக்குகளும் கழற்றப்பட்டு, பெட்ரோல் வராதபடி இன்ஜெக்டர்களும் காயில்களும் துண்டிக்கப்பட்டு, ஆக்சிலரேட்டர் முழுதும் அழுத்தப்பட்ட நிலையில் அளக்க வேண்டும். கருவி இல்லாதவர்கள் பட்டறைக்குப் போய் அளந்து எண்களை எழுதி வாங்கிக்கொள்ளலாம். சிலிண்டர்களுக்கு இடையே 15 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்வு. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். இந்த இடத்துக்கு வந்த பின் மேற்கொண்டு சென்சார் வாங்குவதில் பொருளில்லை.

படி 9: பழுது பார்த்த பின்

எண்களை அழித்துவிட்டு, படி 2-இல் குறித்துக்கொண்ட அதே வெப்பத்திலும் வேகத்திலும் பளுவிலும் ஓட்டிப் பாருங்கள். விளக்கு எரியவில்லை என்பதோடு நிறுத்தாமல், ஸ்கேனரில் "பெண்டிங்" பகுதியையும் பாருங்கள். ஒருமுறை மட்டும் தென்பட்ட கோளாறு விளக்கை ஏற்றாமல் அங்கேதான் காத்திருக்கும். அழித்தவுடன் ஃபியூயல் டிரிம் பூச்சியத்துக்குப் போய்விடுவதால், அன்றைய நல்ல அளவு எதையும் நிரூபிக்காது. ஐந்தாறு நாள் வழக்கம்போல் ஓட்டிய பிறகு எனது வண்டியில் ஐடிலில் கூட்டல் 3 காட்டியது. அந்த எண்ணைத் தேதியோடும் கிலோமீட்டரோடும் சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த முறை விளக்கு எரியும்போது முதலில் ஒப்பிட வேண்டியது அதனோடுதான்.