மூலைக்கு மூலை: சின்னக் குழந்தைகளை வீட்டு வேலையில் சேர்த்துக்கொள்வது எப்படி

நீங்கள் துடைப்பத்தை எடுத்தால் ஒன்றரை வயதுக் குழந்தை ஓடிவந்து அதன் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளும். துணி மடிக்க உட்கார்ந்தால் மடித்து வைத்த அடுக்கின் மேலேயே வந்து விழும். பெரியவர்கள் இதைக் குறும்பு என்கிறார்கள். தனக்கும் இந்த வேலையில் பங்கு வேண்டும் என்று கேட்க அந்த வயதுக்குத் தெரிந்த வழி அதுதான். ஃபெலிக்ஸ் வார்னகன், மைக்கேல் டோமசெல்லோ இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 18 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் ஒருவர் கைதவறிப் போட்ட பொருளை யாரும் சொல்லாமலேயே எடுத்துக் கொடுத்தார்கள். உதவும் ஆசையை நாம் ஊட்டத் தேவையில்லை. அந்தச் சின்னக் கைக்கு அடங்கும் அளவுக்கு வேலையை நறுக்கிக் கொடுத்தால் போதும்.

கடைசிப் படியை முதலில் கொடுங்கள்

"வா, வீட்டைச் சுத்தம் பண்ணலாம்" என்றால் மூன்று வயதுக் குழந்தைக்கு ஒன்றும் விளங்காது. எங்கே தொடங்குவது, எப்போது முடிந்தது என்று கண்ணால் பார்க்க முடிந்தால்தான் அது குழந்தைக்கு வேலை. "இந்த மேசை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும்" என்பது வேலை.

புதிய வேலையைத் தலையிலிருந்து கற்றுத்தராதீர்கள், வாலிலிருந்து தொடங்குங்கள். துணி அடுக்குவதென்றால், எல்லாவற்றையும் நீங்களே மடித்து, மடித்ததை அலமாரிக்குள் வைப்பதை மட்டும் குழந்தையிடம் விடுங்கள். சில நாள் கழித்து கடைசி மடிப்பையும் அதுவே போடட்டும். அப்புறம் அதற்கு முந்தைய மடிப்பு. இப்படிப் போனால் ஒவ்வொரு முறையும் வேலை குழந்தையின் கையில்தான் முடியும். முதல் படியிலிருந்து ஆரம்பித்தால் இரண்டாவது படியிலேயே களைத்து, பாதியில் விட்டுவிட்டுப் போய்விடும்; மிச்சத்தை நீங்கள் முடிப்பீர்கள். "என்னால் முடியல" என்பதுதான் அதற்கு மனதில் நிற்கும்.

பொருள் நிஜமாக இருக்க வேண்டும், அளவு மட்டும் சின்னதாக. மாண்டிசோரி கல்விமுறை விடாமல் பிடித்திருக்கும் விதி இது. விளையாட்டுத் துடைப்பத்தில் தூசி வராது; அது தெரிந்த அன்றே குழந்தை அதை மூலையில் போட்டுவிடும். நிஜத் துடைப்பத்தின் கைப்பிடியைக் குழந்தையின் தோளுக்கும் முகவாய்க்கும் நடுவில் வரும்படி வெட்டிக் கொடுங்கள். துடைக்கும் துணி 20 செ.மீ. சதுரம், மெல்லிய பருத்தி. நீர் ஊற்ற 250 மி.லி. பிடிக்கும் மூக்கு வைத்த குவளை. அதில் 150 மி.லி.க்கு மேல் நிரப்ப வேண்டாம். விளிம்பு வரை நிரப்பினால் தூக்கும்போதே சிந்தும், குழந்தை பயந்துவிடும்.

ஈரத்துணியும் மேசையும்

மற்ற எல்லாவற்றையும் விட இதற்கு அதிக நாள் ஒதுக்குங்கள். மணிக்கட்டுக்கும் விரல்களுக்கும் இது தரும் பயிற்சி பிறகு பென்சில் பிடிக்கும்போது உதவும்.

ஒரு கிண்ணத்தில் 2 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர். முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள், பேசாமல். பேசிக்கொண்டே காட்டினால் குழந்தை உங்கள் முகத்தைப் பார்க்கும், கையைப் பார்க்காது. துணியை முக்குங்கள். தூக்கிப் பிடித்து, சொட்டுவது நிற்கும் வரை காத்திருங்கள். நீளவாக்கில் மடித்து இரண்டு முனையையும் பிடித்து, ஒரு கையை முன்னாலும் மறு கையைப் பின்னாலும் திருகுங்கள்.

குழந்தை தடுமாறுவது இந்தக் கடைசி இடத்தில்தான். ஒன்று, துணியை உருண்டையாக்கிக் கசக்கும். பாதித் தண்ணீர் உள்ளேயே தங்கி, முழங்கை வழியாக வழியும். இல்லையென்றால் இரண்டு கையையும் ஒரே பக்கம் திருப்பும். துணி சும்மா உருளும், தண்ணீர் வராது. இரண்டு கையும் எதிரெதிராக வேலை செய்வது மூன்று வயதில் பலருக்கு இன்னும் வந்திருக்காது. அதற்கு ஒரு வழி உண்டு: துணியை உறுதியான ஒரு கம்பியில் மாட்டி, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து ஒரே பக்கம் முறுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் சொட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகு, கம்பி இல்லாமல் பிழிவது சீக்கிரம் வந்துவிடும்.

அடுத்தது துடைப்பது. விட்டால் மேசையின் நடுவில் மட்டும் வட்டம் போடும். கழுவினால் போகும் சாக்பீஸால் மேசையில் ஓரம் முதல் ஓரம் வரை நாலைந்து கோடு போட்டு, "எல்லாக் கோட்டையும் சாப்பிட்டுடு" என்று துணியைக் கொடுங்கள். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். எழுத்து படிக்கும்போது கண் போகப்போகும் பாதையும் அதுதான். மிஞ்சிய கோடு தப்பைத் தானே காட்டிக்கொடுக்கும். நீங்கள் வாய் திறக்க வேண்டாம்.

மடிப்பில் இருக்கும் கணக்கு

சட்டையோடு ஆரம்பித்தால் தோற்றுப்போகும். 25 செ.மீ. சதுரத் துணி போதும். நடுவே ஒரு வண்ண நூலால் கோடு தைத்துவிடுங்கள். குழந்தை எப்போதும் துணியை ஓரத்தின் நடுவில் பிடிக்கும், அதனால் மடிப்பு கோணும். மூலையைப் பிடிக்க வைப்பதுதான் இதில் முழு வித்தையும். "மூலைக்கு மூலை முத்தம்" என்று சொல்லிக் கொடுங்கள். இரண்டு மூலையும் தொட்டதும் ஒரு முத்தச் சத்தம். நடுக்கோட்டைக் கையால் நீவிவிட்டால் மடிப்பு நிற்கும்.

ஒரு மடிப்பு போட்டால் அரை. இரண்டாவது போட்டால் கால். மூன்றாவதுக்கு அரைக்கால், நாலாவதுக்கு மாகாணி. எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று பள்ளியில் படிப்பதற்கு முன்பே, தமிழில் இருக்கும் இந்தப் பெயர்களை விரலோடு சேர்த்துக் கற்றுவிடலாம். விரித்துக் கட்டங்களை எண்ணச் சொல்லுங்கள். எத்தனை முறை செய்தாலும் அலுக்காது.

சாக்ஸ் ஜோடி சேர்ப்பது இரண்டரை வயதிலேயே வரும். குவியலாகக் கொட்டாதீர்கள். மூன்று ஜோடி, நன்றாக வேறுபடும் நிறங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சாக்ஸை நீங்கள் வரிசையாக வைத்துவிட்டு, மிச்சத்தை ஒவ்வொன்றாகக் கையில் கொடுங்கள். பழகியதும் ஆறு ஜோடி, அதிலும் நிறம் நெருங்கியவை. நாலு வயதில் பங்கை மாற்றிக்கொள்ளுங்கள்: நீங்கள் வேண்டுமென்றே ஒரு ஜோடியைத் தப்பாகச் சேருங்கள், குழந்தை கண்டுபிடிக்கட்டும்.

தட்டு வைப்பதில் ஒரு விஷயம் கவனியுங்கள். பத்து வரை கடகடவென்று சொல்லும் குழந்தையிடம் "நாலு தட்டு கொண்டு வா" என்றால் கை நிறைய அள்ளிக்கொண்டு வரும். எண்களை ஒப்பிப்பதும் பொருளை எண்ணுவதும் வெவ்வேறு திறமைகள். "அப்பாவுக்கு ஒண்ணு, பாட்டிக்கு ஒண்ணு" என்று ஆளுக்கு ஒரு நடை போகட்டும். எல்லோருக்கும் வைத்த பிறகு சேர்ந்து எண்ணுங்கள்.

செடிக்கு ஊற்றுவது எல்லாக் குழந்தைக்கும் பிடிக்கும், அதனாலேயே செடி அழுகும். முதலில் விரலை மண்ணில் ஒரு கணு ஆழம் விட்டுப் பார்க்கப் பழக்குங்கள். உலர்ந்திருந்தால் ஒரு குவளை. ஈரமாக இருந்தால் தண்ணீர் கிடையாது, இலைத் தூசியைத் துடைக்கும் வேலை.

எங்கே கெட்டுப்போகிறது

குழந்தை துடைத்த இடத்தை அதன் கண் முன்னால் நீங்கள் மறுபடி துடைப்பதுதான் முதல் இடம். அது செய்தது வீண் என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறீர்கள். மறுபடி துடைத்தே ஆக வேண்டும் என்றால் முன்கூட்டியே பங்கு பிரியுங்கள்: "முதல் துடைப்பு உன்னோடது, ரெண்டாவது என்னோடது." அப்போது அது திருத்தமாகத் தெரியாது.

இரண்டாவது, பரிசு. அதே இரு ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், உதவியதற்குப் பொருள் பரிசாகப் பெற்ற 20 மாதக் குழந்தைகள் பிறகு உதவுவதைக் குறைத்துக்கொண்டார்கள். "ஆஹா, சூப்பர்" மழையும் தேவையில்லை. "மேசை காஞ்சிடுச்சு, இப்ப வரையலாம்" என்று வேலையின் பலனைச் சொன்னால் போதும். வேலையைத் தண்டனையாக ஒரு தடவைகூடக் கொடுக்காதீர்கள். அதற்குப் பிறகு துடைப்பத்தைப் பார்த்தாலே முகம் சுளிக்கும்.

நேரமும் முக்கியம். வெளியே கிளம்பும் அவசரத்தில் கற்றுத்தர முடியாது. தூங்கி எழுந்து வயிறு நிறைந்திருக்கும் நேரம், ஐந்து முதல் பத்து நிமிடம். நடுவில் விட்டுப் போனால் துரத்தாமல் நீங்கள் தொடருங்கள். பலமுறை தானே திரும்பி வரும்.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். 5 செ.மீ. தண்ணீரிலும் சின்னக் குழந்தை மூழ்கக்கூடும். அதனால் கிண்ணத்து வேலையிலும் பக்கத்தை விட்டு நகராதீர்கள், வேலை முடிந்ததும் கிண்ணம், வாளி எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். மூன்று வயதுக்குள் என்றால் 3 செ.மீ.க்குச் சின்னதான எதையும் பிரித்து அடுக்கக் கொடுக்கக் கூடாது. பொத்தான் வடிவ பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாய் புண்ணாகும். இழுப்பறையைக் குழந்தையிடம் ஒதுக்கக் கொடுக்கும் முன் நீங்கள் ஒருமுறை தேடுங்கள். குழந்தையின் துடைப்புக்குத் தண்ணீர் மட்டும் போதும். பிளீச்சும் ஆசிட் கலந்த கழிவறைத் திரவமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். இரண்டும் பூட்டின அலமாரியில் இருக்கட்டும்.

ஐந்து வயதில் புதுமை தீர்ந்து "நான் மாட்டேன்" வரும். கடிகாரத்தோடு கட்டாமல் ஒரு நிகழ்வோடு கட்டுங்கள்: சாப்பாட்டுக்கு முன் தட்டு, குளித்த பின் துண்டு. வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால் துணி பிழிவதை அவர்களுக்கு இவர் காட்டட்டும். நீங்கள் தள்ளி நின்று பாருங்கள். காட்டும்போது எந்தப் படியைத் தாண்டிப் போகிறாரோ, அது அவருக்கே இன்னும் சரியாகப் படியாத இடம். மறுநாள் அதை மட்டும் அவரோடு சேர்ந்து மெதுவாகச் செய்யுங்கள்.